ஓட்டையில்லாத வாளி

ஏற்காட்டில் விற்றவன் அப்போதே சொன்னான்:
"கீழ கொண்டுபோனா நிக்காதுங்கக்கா."
இருபது கொண்டை ஊசிக்கும் மடியில் வைத்து இறக்கினேன்.
ஒவ்வொரு வளைவிலும் காப்பி இலை
முகவாயில் உரசியது.
செங்கோடன் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான்.
அன்றைக்கெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

அழகாபுரத்தில் இரண்டாம் மாடி.
பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப்போன இருபது லிட்டர் வாளி.
பத்து மணிக்கு மேல் நிழல் விழும் பால்கனி.
ஒன்றரை வருடம் நின்றது.
ஒரு தரம் பூத்தது,
மல்லிகை எங்கே என்று கேட்டுக்கொண்டு
கீழ்வீட்டு ரெஜினா படியேறி வந்தாள்.

பங்குனியில் அடியிலை வெளுத்தது, பிறகு நடு இலை.
நான் ரத்தம் பார்க்கிற லேபில் இருப்பவள்,
சோகையை எனக்குத் தெரியும்.
போர் தண்ணீரின் உப்பு வாளி விளிம்பில் வெள்ளையாக.
வெள்ளைக்கல் ஊர், பழி போட வசதி.
மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்து
அதைமட்டும் ஊற்றினேன்.
துவண்டால் தாகம் என்றுதானே அர்த்தம்.
இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

அப்போது வீட்டில் பேச்சில்லை.
அவன் அக்கா புருஷனின் கொலுசுப் பட்டறைக்கு
என் சங்கிலி போயிருந்தது,
என்னிடம் சொல்லாமல்.
வெறும் வயிற்று ரத்தம் எடுக்க ஆறு மணிக்கு நான் கிளம்புவேன்.
இரும்பாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து
ஆறே முக்காலுக்கு அவன் வருவான்.
மூடி வைத்த சாப்பாடு
கழுவிக் கவிழ்த்த தட்டாக மாறியிருக்கும்.
பத்தொன்பது நாள் இப்படி.

ஞாயிற்றுக்கிழமை வாளியைச் சாய்த்தேன்.
மண் விழவில்லை, வழிந்தது.
சாக்கடை வாடை.
வேரை இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்தது,
உள்ளே நூலாக ஏதோ மிச்சம்.
தூங்கி எழுந்தவன் வாசற்படியில் நின்றான்.
"நீ தண்ணி ஊத்துறியா?"
"தினம் சாயங்காலம். நீ?"
"காலையில. வந்ததும்."
எங்கள் ரோஷத்துக்குள்
ஒரு காப்பிச் செடி முங்கிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சி
வாளியின் அடியில் ஏழு ஓட்டை போட்டான்.
பிளாஸ்டிக் கருகிய நாற்றம் இரண்டு நாள் சோற்றில் இருந்தது.
நான் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து
கறுப்பெல்லாம் போய் வெள்ளை தெரியும்வரை நறுக்கினேன்,
அப்புறம் தலையையும்.
"அதையுமா?"
"வேர் இவ்வளவுதான். தாங்காது."
ஓட்டுச் சில்லு, மணல், செம்மண், தேங்காய் நார்
எல்லாம் அவனே கீழிருந்து சுமந்துவந்தான்.

பிறகு ஊற்றாமல் இருக்க வேண்டும்.
விரலை இரண்டாம் கணு வரை விட்டு
ஈரம் தட்டினால்
செம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.
அந்தக் கஷ்டம் யாருக்கும் சொன்னால் புரியாது.
ஊற்றியவர் காலண்டரில் புள்ளி வைப்பதென்று ஏற்பாடு.
அவனுக்கு நீலம், எனக்கு லேப் மார்க்கரின் சிவப்பு.
நடுவில் நிறைய வெறும் கட்டங்கள்.

சித்திரை முழுக்கக் குச்சிதான்.
நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியும்.
நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.
"தோலே இல்லாம பண்ணிடுவ," என்றான்.

சங்கிலி இன்னும் வரவில்லை.
அதைப்பற்றி இரண்டு முறை பேசினோம்,
ஒரு முறை நான் கத்தினேன்.

நேற்று ஒன்பது மணிக்குச் சேர்வராயன் பக்கம் மின்னியது.
அடுத்த நிமிடம் சாரல் நேராகப் பால்கனிக்குள்.
ஷிப்டுக்குச் சட்டை மாட்டிய பாதியில் ஓடிவந்தான்.
வாளிக்குக் கம்பிப்பிடி எப்போதோ போய்விட்டது.
ஆளுக்கொரு பக்கம் அடியில் கைகொடுத்துத் தூக்கும்போது
அவன் செல்போன் வெளிச்சத்தில்
கணுவில் எதிரெதிராக இரண்டு இலை,
எள் பருமன்.
ஒன்றை ஏற்கனவே ஏதோ பூச்சி கடித்திருந்தது.

கூடத்தில் இறக்கினோம்.
ஏழு ஓட்டையிலும் சொட்டி
தரையெல்லாம் செம்மண் தண்ணீர்.
நேரமாச்சு என்று போய்விட்டான்.

துடைக்கிற துணியை எடுத்து
வாளிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.
ஆறே முக்காலுக்கு வருவான்.